உச்சிமாடியும் காலிமுகத்திடலும்

பத்திரிகைகளிலே செய்திப் பக்கங்களிலும் பார்க்க விளம்பரப் பக்கங்களை ஆவலுடன் படிப்போர் பலர் உளர். வாங்கும் எண்ணமோ கையிற் பணமோ இல்லாதவிடத்தும் வீடு விற்பனை விளம்பரங்களைப் படிப்பதில் ஒரு தனி இன்பம் உண்டு. பிறருடைய வீட்டு வாயிலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பது போன்ற இன்பம் அது. கொழும்பு நகரத்து விளம்பரங்களில் இந்நாளிலே அடிக்கடி கண்ணிற் படுவது இத்தகையதொரு வாசகம்: காலிமுகத்திடலுக்கு அண்மையில் உச்சிமாடி வீடு விற்பனைக்கு, மூன்று படுக்கையறைகள், மின்தூக்கி, வாகனத் தரிப்பிடம், கடற்காட்சி.

இவற்றுள் படுக்கையறைகளை அளந்து பார்க்கலாம். மின்தூக்கியை இயக்கிப் பார்க்கலாம். வாகனத் தரிப்பிடத்தை உறுதியில் எழுதுவிக்கலாம். ஆனால், அந்தக் கடைசிச் சொல் இருக்கின்றதே, கடற்காட்சி, அது யாருடைய உடைமை? விற்பவர் அதனை யாரிடம் வாங்கினார்? வாங்குபவர் அதனை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்? விலையின் பெரும்பகுதி அந்தச் சொல்லுக்கே கொடுக்கப்படுகின்றது என்பதை நினைக்கும்போது, இக்கேள்வி வீண் கேள்வி அன்று என்பது விளங்கும். இதற்கு விடை காண்பதாயின் வீட்டை விட்டு இறங்கி முதலில் திடலுக்குச் செல்லல் வேண்டும்.

காலிமுகத்திடல் ஏறக்குறைய பன்னிரண்டு ஏக்கர் பரப்புள்ளது. வடக்கிலிருந்து தெற்காக அரை மைல் தூரங்கூட இல்லை. வட எல்லையிலே 1930 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பழைய பாராளுமன்றக் கட்டடம், இன்று ஜனாதிபதி செயலகமாக நிற்கின்றது. தென் எல்லையிலே 1864 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பழைய விடுதி. மேற்கே கடல். கிழக்கே வீதியும் அதற்கப்பால் விண்ணைத் தொடும் மாடங்களும். நடுவிலே புல் பாதியும் புழுதி பாதியுமாகக் கிடக்கும் வெறுநிலம். வெறுநிலம் என்று சொன்னோம். அந்த வெறுமையே அதன் செல்வம்.

ஒல்லாந்தர் காலத்திலே கோட்டையின் பீரங்கிகளுக்கு மறைப்பின்றி இவ்விடம் வெளியாக விடப்பட்டது என்றும், காலியை நோக்கிய கோட்டை வாயிலின் முகப்பு ஆதலால் இப்பெயர் பெற்றது என்றும் கூறுவர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாயிருந்த சேர் ஹென்றி வார்ட் என்பவரே கடலோர உலாவீதியை அமைப்பித்தவர். 1856 இல் தொடங்கிய வேலை 1859 இல் நிறைவெய்தியது. அவர் அங்கே ஒரு நினைவுக்கல்லை நாட்டுவித்தார். தமக்குப் பின்வரும் தேசாதிபதிகளுக்கு, கொழும்பு நகரத்துப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி, இவ்விடத்தை ஒப்படைத்துச் செல்வதாக அக்கல்லிலே பொறிப்பித்தார். மறுவருடம் சென்னைக்குத் தேசாதிபதியாகச் சென்றவர், அங்கே சில வாரங்களுக்குள் நோயுற்று இறந்தார். அவர் நினைத்த பெண்களும் பிள்ளைகளும் யாவரோ அறியோம். வெள்ளைக்காரக் குடும்பங்களையே அவர் மனங்கொண்டிருத்தல் கூடும். ஆயினும், கல்லிற் பொறித்த சொல்லுக்கு நிறபேதம் தெரியாது. இன்று மாலையிலே இறால் வடை வாங்கக் காசு கேட்டு அழும் பிள்ளைக்கும் அந்தச் சொல்லில் உரிமையுண்டு.

அதன் பின்னர் இத்திடல் கண்ட காட்சிகள் பல. 1893 இல் கறுவாத் தோட்டத்துக்கு மாறும் வரை குதிரைப் பந்தயம் இங்கேதான் நடைபெற்றது. சுதந்திரதின அணிவகுப்புகள் இங்கே நடந்தன. 1956 ஆம் ஆண்டு யூன் 5 ஆந் திகதி, சிங்களம் மாத்திரம் அரசகரும மொழியாகும் சட்டமூலத்தை எதிர்த்து, திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களின் தலைமையில் தமிழர் இத்திடலிலே அமைதியாகச் சத்தியாக்கிரகம் இருந்தனர்; கும்பலொன்று அவர்களை அடித்துத் துரத்தியது. அறுபத்தாறு ஆண்டுகளின் பின், 2022 ஏப்பிரிலிலே, உணவுக்கும் எரிபொருளுக்கும் வழியற்ற மக்கள் இதே திடலில் கூடாரமடித்து, நாட்டின் தலைவரைப் பதவி விலகச் சொல்லி மூன்று மாதங்களுக்கு மேல் தங்கினர். பேச இடமில்லாதவர் பேசுதற்கும், போக இடமில்லாதவர் போதற்கும் ஒரு நகரத்துக்கு ஒரு வெளி வேண்டும். கொழும்புக்கு இத்திடல் அத்தகைய வெளி.

இனி மாடங்களுக்கு வருவோம். திடலின் தென்கோடியில், பழைய விடுதிக்கு எதிர்ப்புறத்திலே, சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த சில தொடர்மாடிகள் இன்றும் உள. அவை நான்கைந்து தட்டுகளுடன் அடங்கி நிற்பவை. பிற்காலத்தவையோ அடக்கம் அறியாதவை. முன்னர் இராணுவத் தலைமையகம் இருந்த நிலத்திலே இன்று விடுதியும் வணிக மாளிகையும் வீட்டுக் கோபுரங்களும் எழுந்துள்ளன. சற்று உள்ளே, பேர வாவிக் கரையிலே, ஒரு கோபுரம் மற்றொன்றின்மேற் சாய்ந்து நிற்பது போன்று மோஷே சஃப்டி என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த அறுபத்தெட்டு மாடிக் கட்டடம் நிற்கின்றது. இவற்றின் உச்சிகளெல்லாம் ஒரே திசையை நோக்கியவை. எல்லாம் மேற்கையே பார்க்கின்றன.

நம்மவர்க்குத் தொடர்மாடி புதிதன்று. 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னும் தொடர்ந்த போர்க்காலத்திலும் வடக்கிலிருந்து பெயர்ந்து வந்த குடும்பங்கள் பல, வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குடியேறின. வெளிநாடு சென்ற பிள்ளைகள் பெற்றோருக்கு வீடு வாங்கிக் கொடுக்க நினைப்பதும் இங்கேதான். அவ்வாறு எமது தமக்கையாரின் புதல்வர்கள் இருவர் கனடாவிலிருந்து எழுதினார்கள்: ஊரிலுள்ள வீட்டையும் காணியையும் விற்று, குறைப்பணத்தைத் தாங்கள் போட்டு, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காலிமுகத்திடலுக்கு அருகில் ஓர் உச்சிமாடி வீடு வாங்குவதாக. ஓய்வுபெற்ற தபாலதிபராகிய அத்தானும் அக்காவும் வலிகாமத்திலிருந்து வந்திறங்கினார்கள். பார்த்துச் சொல்லும் பொறுப்பு எம்மிடம் விடப்பட்டது. நான்கு தலைமுறை வாழ்ந்த வீடு ஒருபுறம், கடற்காட்சி மறுபுறம். தராசு எம் கையில்.

நாம் பார்த்த வீடு பதினான்காம் மாடியில் இருந்தது; அதற்குமேல் மொட்டை மாடிதான். வீட்டுக்காரர் கணவரை இழந்த ஒரு சிங்கள அம்மையார்; ஓய்வுபெற்ற ஆசிரியை; தமிழும் ஓரளவு அறிந்தவர். தேநீர் தந்து, எம்மைக் கடல் நோக்கிய கண்ணாடிக் கதவண்டை அழைத்துச் சென்றார். கப்பல்கள் விளையாட்டுப் பொருள்கள் போல் நின்றன. வடமேற்கிலே, முன்பு கடலாயிருந்த இடத்தில், துறைமுக நகரத்தின் நிலம் நீண்டு கிடந்தது. 2014 இல் தொடங்கி, 269 ஹெக்டேயர் கடலை மண்ணிட்டு நிரப்பும் வேலை 2019 சனவரியில் முடிந்தது. அப்பக்கம் நோக்கிய வீட்டுக்காரர் கடலென்று வாங்கியது கரையாகிவிட்டது. நாளை அங்கே மாடங்கள் எழும். காட்சிக்கு உறுதி எழுதும் நொத்தாரிசு எவரும் இல்லை.

"இவ்வளவு நல்ல இடத்தை ஏன் அம்மா விற்கிறீர்கள்?" என்று அத்தான் கேட்டார்.

"266 படிகள், ஐயா. எண்ணி வைத்திருக்கிறேன்" என்றார் அம்மையார்.

2022 மார்ச்சு இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை. மின்தூக்கி நின்றது. கீழ்த்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு நீரேற்றும் இயந்திரமும் நின்றது. உயர்ந்த வீட்டில் இருப்பவருக்கு அந்நாளிலே உயரமே சிறையாயிற்று. மருந்து வாங்க இறங்கினால் ஏறுவதற்கு ஒரு பிற்பகல் வேண்டும். "அப்போது எனக்கு எழுபது வயது. இனி இன்னொரு முறை அப்படி வந்தால் என்னால் இயலாது" என்றார்.

அக்காலத்திலே திடலில் நடந்தவற்றை இக்கண்ணாடிக் கதவினூடாகவே பார்த்துக்கொண்டிருந்ததாகவும் அவர் சொன்னார். கூடாரங்கள் எழுந்ததும், மே 9 ஆந் திகதி அவை தாக்கப்பட்டதும், மறுபடி எழுந்ததும் அவர் கண்முன் நிகழ்ந்தவை. "மே 18 ஆந் திகதி கீழே சிலர் பானை வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். என்னவென்று மேலிருந்து விளங்கவில்லை. இறங்கிப் போய்க் கேட்டேன். முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்து என்றார்கள். எனக்கும் கொஞ்சம் தந்தார்கள். குடித்தேன்" என்றார். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. அக்கா கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். 1956 இல் தமிழர் அமர்ந்திருந்து அடிபட்ட அதே புல்வெளியிலே அக்கஞ்சி பகிரப்பட்டது என்பதை நாம் மனத்துள் எண்ணிக்கொண்டோம். மேலிருந்து பார்த்தால் கூட்டம் தெரியும். கீழே இறங்கினால்தான் மனிதர் தெரிவர்.

பின்னர் அம்மையார் மறைக்காமற் குறைகளையும் காட்டினார். படுக்கையறைக் கூரையிலே மஞ்சள் நிறத்தில் நீர்க்கறை படர்ந்திருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்ரெம்பர் வரை கடலிலிருந்து நேரே வந்து மோதுவது உச்சிமாடியில். அதன் உப்பு, சாளரத்தின் இரும்பையும் கொங்கிறீற்றினுள்ளே இருக்கும் கம்பியையும் அரித்துத் தின்பது. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய ஏழு பாகையில் இருப்பதால், ஏப்பிரில் முற்பகுதியிலும் செப்ரெம்பர் முற்பகுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்நாள்களிலே மேற்தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து, இரவு முழுவதும் வீட்டுக்குள் உமிழும். மேலும் ஒரு வேடிக்கை: தண்ணீர்த் தொட்டிக்கு மிக அருகில் இருப்பது உச்சிமாடி; குழாயில் நீர் மிக மெலிந்து வருவதும் உச்சிமாடியில். தொட்டி எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அவ்வளவுக்கு நீருக்கு வேகம் உண்டாதலால், கீழ்வீட்டாருக்கு அது பாய்ந்து வரும். மேல்வீட்டார் அதற்கெனத் தனி இயந்திரம் பூட்டல் வேண்டும்.

"கூரை ஒழுகினால் திருத்துவது யார்?" என்றார் அத்தான்.

இக்கேள்விக்கு விடை 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்திலும் அதன் பின்வந்த திருத்தங்களிலும் உள்ளது. இச்சட்டத்தின்படி ஒருவர் வாங்குவது தம் வீட்டை மாத்திரம் அன்று. கட்டடம் நிற்கும் நிலத்திலும், கூரையிலும், படிக்கட்டிலும், மின்தூக்கியிலும், நீர்த்தொட்டியிலும் பிரிக்கப்படாத ஒரு பங்கையும் சேர்த்தே வாங்குகிறார். இவையெல்லாம் பொது மூலகங்கள். இவற்றைப் பேணும் கடமை வீட்டு உடைமையாளர் அனைவரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு உரியது. ஆகவே, உச்சிமாடியின் தலைக்குமேல் இருக்கும் கூரை உச்சிமாடிக்காரருக்குத் தனியுரியதன்று. நிலமாடியில் இருப்பவருக்கும் அதிலே பங்குண்டு. ஒழுகுவது மாத்திரம் உச்சிமாடியில். கூரையைத் திருத்த இரண்டு வருடமாகக் கூட்டம் கூடியும் கீழ்மாடியார் பலர் பணம் தர இசையவில்லை என்று அம்மையார் கூறினார்.

அத்தான் சிரித்தார். "இது எங்கள் பங்குக்கிணறு அல்லவா!" என்றார்.

யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளைப் படித்தோர் அவர் சொன்னதன் பொருளை உடனே உணர்வர். காணி இத்தனை பரப்பு என்று எழுதி, அடுத்து, கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் என்று எழுதுவது நம்மூர் வழக்கம். கிணறு ஒருவருடையதன்று; நாலு வீட்டாருடையது. துலா முறிந்தால் நாலு வீட்டாரும் கூடவேண்டும். கோடையிலே கலக்கி இறைத்துச் சேறு அள்ளவும் நாலு வீட்டாரும் இறங்கவேண்டும். அதற்காக வந்த வழக்குகளும் பகைகளும் எத்தனையோ. அவற்றோடு அக்கிணற்றடியிலே வளர்ந்த உறவுகளும் எத்தனையோ. நாகரிகத்தின் உச்சியென்று நாம் அண்ணாந்து பார்க்கும் கோபுரம், சட்டத்தின் கண்ணுக்குப் பதினான்கு தட்டுடைய ஒரு பங்குக்கிணறு. அயலாரோடு ஒத்துப்போக இயலாமல் ஊரை விட்டு வருபவர், ஐம்பது அயலாரோடு ஒரே கூரையைப் பங்கிடவே இங்கு வருகிறார்.

அக்காவின் கவலை வேறு. கிழக்குப்புறச் சாளரத்தால் எட்டிப் பார்த்தவர், கொம்பனித் தெருவிலுள்ள சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் பக்கத்தை நாம் காட்டியதும் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். கோபுரத்தை நிலத்தில் நின்று அண்ணாந்து கும்பிட்டுப் பழகியவருக்கு, அதனைக் குனிந்து பார்ப்பது பொருந்தவில்லை. கோயிலிலும் உயர்ந்து வீடு கட்டலாகாது என்ற பழைய வழக்கத்திலே வளர்ந்தவர் அவர். இதனை மூடநம்பிக்கை என்று மாணவர்கள் நகைத்தல் கூடும். ஊரிலே எல்லோருக்கும் பொதுவான ஒன்று எல்லோருடைய வீட்டிலும் உயர்ந்து நிற்கவேண்டும் என்பது அவ்வழக்கத்தின் உட்கருத்தாயின், அது நகைத்தற்கு உரியதன்று.

"வீடு நல்ல வீடுதான். முற்றந்தான் இல்லை" என்றார் அக்கா கடைசியாக.

அம்மையார் கதவண்டை சென்று கீழே திடலைக் காட்டினார். அப்போது மாலை ஐந்து மணியிருக்கும். பட்டங்கள் எமது கண்மட்டத்துக்குச் சிறிது கீழே ஆடிக்கொண்டிருந்தன. "அதோ இருக்கிறது முற்றம். கூட்டுவதற்கு மட்டும் ஒருவரும் வருவதில்லை" என்றார்.

ஊர்க்காணியை விற்பதில்லை என்று அன்றிரவே முடிவாயிற்று. புதல்வர்கள் முதலில் வருந்தினராயினும் பின்னர் இணங்கினர். கொள்ளுப்பிட்டியிலே உள்ளொழுங்கையொன்றில், பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் சிறியதொரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் அடுத்த வீட்டு மதிலும் ஒரு மாமரமும் தெரியும். மின்தூக்கி இல்லை, நாற்பது படிகள். அக்காவும் அத்தானும் மழைக்காலத்திலே கொழும்பிலும் திருவிழாக் காலத்திலே ஊரிலுமாக இருக்கின்றனர். கொழும்பில் இருக்கும் நாள்களில் மாலைதோறும் கால்மணி நேரம் நடந்து திடலுக்குச் செல்கின்றனர். உச்சிமாடிக்காரர் பார்க்கும் அதே சூரியன் அவர்களுக்கும் மறைகின்றது, கட்டணம் இல்லை.

அம்மையாரின் வீட்டை வேறொருவர் வாங்கிவிட்டார் என்று பின்னர் அறிந்தோம். வாங்குதல் தவறென்பது எமது கருத்தன்று. வாங்குவோர் சிலவற்றை நோக்கி வாங்குதல் நலம். பதிவுசெய்யப்பட்ட கூட்டாதன வரைபடத்தைக் காணிப் பதிவகத்திற் பார்க்கவேண்டும். முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கணக்கைக் கேட்கவேண்டும். பெருந்திருத்தங்களுக்கென ஒதுக்கிய பணம் உண்டோ என்று வினவவேண்டும். மழைநாளில் ஒருமுறையும் உச்சிவெயிலில் ஒருமுறையும் சென்று பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மின்தூக்கியை விடுத்து ஒருமுறை படியால் ஏறிப் பார்க்கவேண்டும். வீட்டின் உண்மையான உயரம் அப்போது தெரியும்.

இனி, தொடக்கத்திலே கேட்ட கேள்விக்கு வருவோம். கடற்காட்சியை உடையவர் யார்? அது வீட்டுக்குள்ளே இல்லை. வீட்டுக்கும் கடலுக்கும் இடையிலே கட்டடம் எழாமற் கிடக்கும் பொதுநிலத்தில் இருக்கின்றது. பன்னிரண்டு ஏக்கர் நிலத்தை யாரும் தமதாக்கிக்கொள்ளாமல் விட்டிருப்பதாலேயே பதினான்காம் மாடிக்கு அவ்விலை. அந்நிலம் தானே காக்கப்படுவதும் இல்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே, இத்திடலைக் களியாட்டத் துறைக்கெனத் தனியார் நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கும் முயற்சி நடந்தது. அதன் விவரங்களைக் கேட்ட சுற்றாடல் அமைப்பொன்றுக்கு விடை மறுக்கப்பட்டது. அவ்வமைப்பு 2004 இல் உயர் நீதிமன்றம் சென்றது. பொதுநிலத்தைப் பற்றிய செய்தியைப் பொதுமக்களுக்கு மறுத்தல் அடிப்படை உரிமை மீறல் என்று 2005 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் நாட்டிலே 2016 இல் தான் இயற்றப்பட்டது. அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வுரிமைக்கு வழி திறந்தது இப்புல்வெளி என்பது மாணவர்கள் அறியத்தக்கது.

கொழும்புக்கு வரும் பிள்ளைகளைப் பெற்றோர் கண்ணாடி மாளிகைகளைக் காட்ட அழைத்துச் செல்கின்றனர். அவ்வழியே திடலுக்கும் அழைத்துச் சென்று, கடலோர நடைபாதையில் நிற்கும் அந்த நினைவுக்கல்லை வாசிக்கச் செய்வாராக. அதிலே ஒப்படைத்தவரின் பெயர் இருக்கிறது. ஏற்றுக்கொண்டவரின் பெயர் இல்லை. அந்த இடம் வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் விடப்பட்டுள்ளது.